விரிப்புக்குப் பின்னால்

ஜனவரி 9

அக்காவுக்கு,

நானும் மூட்டையும் இருக்கிறோம். அதற்கு மேல் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? அத்தானின் இருமல் நின்றதா? பட்டறையில் மரம் இழைக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளச் சொல். கேட்கமாட்டார், இருந்தாலும் சொல்.

இங்கே ஆஸ்பத்திரியில் புது விதி போட்டிருக்கிறார்கள். சலவைக்கூடத்துக்குள் இனிமேல் குழந்தைகள் வரக் கூடாது. சூப்பர்வைசர் அம்மா நல்ல மனுஷி. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஸ்கூல் திறக்கிற வரைக்கும் நான் கண்ணை மூடிக்கிறேன். அதுக்கப்புறமும் அவளைக் கூட்டிட்டு வந்தா உன் வேலை மட்டும் இல்ல, என் வேலையும் போயிடும்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு பக்கம் நீராவிக் குழாய், ஒரு பக்கம் கொதிக்கிற பிரஸ் மெஷின், நடுவில் அழுக்குத் துணிகளின் மேல் என் நாலரை வயது மகள். துணி மூட்டைக்குள் தூங்கிப்போய் ஒரு நாள் எல்லாரையும் அலற வைத்ததால்தான் அவளுக்கு மூட்டை என்ற பெயரே வந்தது. உனக்கு அந்தப் பெயர் பிடிக்காது என்று தெரியும். வேறு எப்படிக் கூப்பிட்டாலும் அவள் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆக, ஜூன் மாதம் அவள் ஸ்கூலுக்குப் போயே ஆக வேண்டும். அதனால் வேலை முடிந்து வந்ததும் எழுத்து சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு எழுத்தை எழுதி, அதன் மேல் பென்சிலை ஓட்டு என்கிறேன். அவள் அதற்கு வால் வரைகிறாள், காது வரைகிறாள். நான் கத்துகிறேன். அவள் அழுகிறாள். இரண்டு பேரும் நோட்டின் மேலேயே தூங்கிவிடுகிறோம். காலையில் பார்த்தால் என் கன்னத்தில் எழுத்து பதிந்திருக்கிறது. அந்த வகையில் நான் படித்துவிட்டேன்.

மெஷின் ஓட்டுகிறவரின் பேரன் இதே வயதில் பேப்பர் படிக்கிறானாம். நீ இத்தனை வருஷமாகச் சின்னப் பிள்ளைகளோடு மாரடிக்கிறவள். எந்தப் புத்தகம் வாங்குவது என்று எழுது. அவள் அம்மா இருந்திருந்தால் இந்தக் கேள்வியே எனக்கு வந்திருக்காது. அவள் போய் ஒரு வருஷம் முடிந்துவிட்டது என்று நம்பவே முடியவில்லை.

ஒன்றும் சரிப்படவில்லை என்றால் மூட்டையை உன்னிடம்தான் விட வேண்டும். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

களைப்புடன்,
தம்பி


ஜனவரி 21

தம்பிக்கு,

கன்னத்திலிருந்த படிப்பைத் துடைத்துவிட்டாயா? என் முட்டி அப்படியேதான் இருக்கிறது. பாலர் வகுப்பு டீச்சர் என்று பெயர்தான், உட்காருவதெல்லாம் ஒரு முழ உயர நாற்காலி. எழுந்திருக்கும்போது முட்டி என்னைத் திட்டுகிறது. அத்தானிடம் இருமல் பற்றிக் கேட்டேன். இருமலே இல்லை என்றார், இருமிக்கொண்டே.

புத்தகம் ஒன்றும் வாங்காதே. அந்த நோட்டையும் எடுத்துப் பரண் மேல் போடு. எழுத்தை ஸ்கூலில் சொல்லிக் கொடுப்பார்கள், அதற்குத்தான் அவர்களுக்குச் சம்பளம். நீ அதற்கு முந்தின வேலையைப் பார்.

என் வகுப்புக்குப் போன வருஷம் ஒரு பையன் வந்தான். எல்லா எழுத்தும் தலைகீழாகச் சொல்லுவான். பக்கத்துப் பையன் அவன் டம்ளரை எடுத்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் கடித்து வைத்தான். அதே வாரம் ஒரு பெண் வந்தாள். ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் வீட்டில் நாள் முழுக்கக் கடை விளையாட்டு விளையாடியவள். தன் முறை வரும் வரைக்கும் நிற்பாள், இல்லையென்றால் பேரம் பேசுவாள், விழுந்தால் நேரே வந்து என்னிடம் காயத்தைக் காட்டுவாள். வருஷம் பாதி போவதற்குள் அவள்தான் முதலில் எழுதினாள். பையனின் பற்களை நான் இன்னும் பழக்கிக்கொண்டிருக்கிறேன்.

உன் மகள் எழுத்துக்குக் காது வரைகிறாள் என்றால் பென்சில் கையில் நிற்கிறது என்று அர்த்தம். வேறென்ன வேண்டும் உனக்கு? நீ வேலை செய்யும்போது அவள் என்ன விளையாடுகிறாள் என்று கவனித்து எழுது. நீ இல்லாமல் வேறு யாரிடமாவது கொஞ்ச நேரம் இருப்பாளா, அதையும் எழுது. அதுதான் எனக்கு முக்கியமாகத் தெரிய வேண்டும்.

என்னிடம் விடுவதைப் பற்றி இப்போது என்ன பேச்சு. அது அப்புறம்.

அவள் இப்போது எவ்வளவு உயரம்? ஒரு கவுன் தைக்கலாம் என்று இருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு,
அக்கா


பிப்ரவரி 5

அக்காவுக்கு,

எனக்கு இடுப்பு, உனக்கு முட்டி. ஒரே வீட்டில் பிறந்தவர்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். மூட்டைக்குச் சளி பிடித்து விட்டது.

நீ சொன்ன மாதிரி கவனித்தேன். இத்தனை நாள் அவள் என் காலடியில்தான் இருந்திருக்கிறாள், நான் ஒன்றும் பார்த்ததில்லை. தலையணை உறைகளை வார்டு வாரியாகப் பிரிக்கிறாள். ஓரத்தில் இருக்கிற நூலின் நிறத்தை வைத்து. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. துணி தள்ளுகிற டிராலிதான் அவளுக்கு பஸ். மடிக்கிற பெண்களிடம் போய் டிக்கெட் கேட்கிறாள். டிக்கெட் இல்லாதவர்களை இறக்கி விடுகிறாள். சூப்பர்வைசர் அம்மாவையே ஒரு நாள் இறக்கி விட்டாள்.

ஆனால் நீ முக்கியம் என்று கேட்டாயே, அதற்குப் பதில், இருக்க மாட்டாள் என்பதுதான். என்னை விட்டு இருக்கவே மாட்டாள். பஸ் ஓட்டினாலும் நான் நிற்கிற மேசை கண்ணில் படுகிற தூரத்தில்தான் ஓட்டுவாள். நான் பாத்ரூம் போனால் வெளியே நின்று கதவுக்கு அடியில் விரலை நீட்டி வைத்துக்கொள்கிறாள். துணி மூட்டைக்குள் தூங்கிப்போன அந்த ஒரு நாளைத் தவிர, பகலில் தூங்குவதே இல்லை. அவள் பகலில் தூங்கிக்கொண்டிருந்தபோதுதான் அவள் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன் என்பது உனக்குத் தெரியும். எழுந்து பார்த்தபோது அம்மா இல்லை. அப்புறம் எப்போதுமே இல்லை. அவள் அம்மா கடைசியாகப் படுத்திருந்த வார்டின் விரிப்புகளும் என் மேசைக்குத்தான் வருகின்றன அக்கா. தேய்த்து அனுப்புகிறேன். வேறு என்ன செய்ய?

உயரம் கேட்டாயே. தேய்க்கிற மேசையின் விளிம்பு அவள் மூக்குக்கு நேராக வருகிறது. அதற்கு ஏற்ற கவுன் உனக்குத் தைக்க வருமா?

தம்பி


பிப்ரவரி 16

தம்பிக்கு,

சளிக்கு அவள் நெஞ்சைச் சூடாக வைத்திரு. இங்கே எங்கள் வகுப்பில் எல்லா மூக்கும் ஒழுகுகிறது, நானும் சேர்த்து.

டிக்கெட் இல்லாதவர்களை இறக்கி விடுகிறாள் என்று படித்து அத்தானும் நானும் நெடுநேரம் சிரித்தோம். அவள் ஸ்கூலுக்குத் தயாராகத்தான் இருக்கிறாள். ஒரே ஒன்றைத் தவிர. போனவர்கள் திரும்பி வருவார்கள் என்பதை அவள் நம்பவில்லை. அதை வாயால் சொல்லிப் புரிய வைக்க முடியாது. விளையாடித்தான் நம்ப வைக்க வேண்டும்.

உனக்குத் துணிக்கா பஞ்சம். இரண்டு கம்பங்களுக்கு நடுவில் ஒரு விரிப்பைத் தொங்கவிடு. "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு அதற்குப் பின்னால் போ. உடனே வா. அவ்வளவுதான் விளையாட்டு. கைக்குழந்தை விளையாட்டாக இருக்கிறதே என்று நினைக்காதே. அவளுக்கு அந்த இடத்தில்தான் அறுந்திருக்கிறது, அங்கேயிருந்துதான் கட்ட வேண்டும். அவள் சிரிக்க ஆரம்பித்ததும் கொஞ்சம் கூடுதலாகப் பின்னால் நில். உள்ளேயிருந்து பாடு, பேசு. அப்புறம் பேசாமல் நின்று பார். அப்புறம் கூடத்தின் அந்தக் கோடிக்குப் போய் வா. எவ்வளவு தூரம் என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும், நீ அல்ல.

ஒன்றை மட்டும் மறக்காதே. போகும்போது சொல்லிவிட்டுப் போ. சொன்னபடி வா.

பின்னறையில் அத்தான் ரம்பத்தை வைத்து உயிரை வாங்குகிறார். அலமாரி செய்கிறாராம். வீடெல்லாம் மரத்தூள். கவுனுக்குத் துணி எடுத்துவிட்டேன்.

அக்கா


மார்ச் 11

அக்காவுக்கு,

முதலில் நல்ல செய்தி. சளி போய்விட்டது. இடுப்பு போகவில்லை.

விரிப்பு விளையாட்டு பிடித்துக்கொண்டது. முதல் நாள் நான் பின்னால் போனதும் விரிப்பையே பிடுங்கித் தரையில் போட்டுவிட்டாள். இரண்டாம் தடவை தேய்க்க வேண்டியதாகிவிட்டது. ஆனால் ஒரு வாரத்தில் அவளே கம்பத்துக்கு என்னை இழுத்துப் போனாள். இப்போது அதற்கு அவள் ஒரு சட்டம் போட்டிருக்கிறாள். போகிறவர் சொல்லிவிட்டுப் போக வேண்டும். வரும்போது விரிப்பை ஒரு தட்டுத் தட்டிவிட்டு வர வேண்டும். அதுதான் மணி. மணி அடிக்காமல் வந்தால் செல்லாது, திரும்பப் போக வேண்டும். அலுத்துப்போய் வருகிற மனுஷனை அவள் திரும்பத் திரும்ப அனுப்புகிறாள்.

நேற்று டிராலியைத் தள்ளிக்கொண்டு மூன்றாம் மாடி வார்டு வரைக்கும் தனியாகப் போய் வந்தேன். அவள் மடிக்கிற பெண்களோடு இருந்தாள். அழவில்லை. நான் வந்து விரிப்பைத் தட்டியதும், "ரொம்ப லேட்டு" என்று மட்டும் சொன்னாள். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக நான் தனியாக லிப்டில் போனேன். கை வெறுமையாக இருந்தது, அது எப்படியோ இருந்தது.

ஸ்கூலில் ஏப்ரல் முதல் வாரம் புதுப் பிள்ளைகளை ஒரு மணி நேரம் வந்து உட்காரச் சொல்லியிருக்கிறார்கள், பழகிக்கொள்ள. இந்த வேகத்தில் போனால் அவள் உட்கார்ந்துவிடுவாள் என்று தோன்றுகிறது. உன்னைத் தொந்தரவு செய்ய வேண்டியிருக்காது.

தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

சந்தோஷம். நிஜமாகத்தான்.

வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல். நிறைய எழுத முடியவில்லை. விளையாட்டில் அவசரப்படாதே, அவள் ஒவ்வொரு படியையும் அழுத்தி மிதித்துத்தான் ஏறுவாள். கவுன் தைத்தாகிவிட்டது, பார்சலில் வரும்.

அவளுக்கு என்ன நிறம் பிடிக்கும்? சும்மாதான் கேட்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 6

அக்காவுக்கு,

கவுன் வந்தது. கச்சிதமாக இருக்கிறது. அதைத்தான் ஸ்கூலுக்குப் போட்டுக் கூட்டிப்போனேன்.

எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன். அங்கே போனதும் அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். மற்ற அப்பா அம்மாக்கள் எல்லாரும் மெதுவாக நழுவிக்கொண்டிருந்தார்கள். ஒரு அப்பா என் காதில், "சொல்லிட்டுப் போனா அழும் சார். அது பாக்காதப்போ போயிடணும்" என்றார். எனக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. என் தோளில் இருந்த துண்டை அவள் தலையில் போட்டு, "விரிப்பு விளையாட்டு. இங்கேயே இரு, அப்பா இதோ வந்து தட்டறேன்" என்றேன். அவள் அழவில்லை. நல்ல பிள்ளையாகத் துண்டுக்குள் உட்கார்ந்திருந்தாள். நான் வேலைக்குப் போய்விட்டேன்.

அந்த ஒரு மணி நேரமும் அவள் துண்டை எடுக்கவே இல்லையாம். டீச்சர் எடுக்கப் போனால், "அப்பா இன்னும் தட்டலை" என்றாளாம். மற்றப் பிள்ளைகள் எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகும் அப்படியே இருந்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பினார்கள். நான் ஓடிப்போய்த் தட்டினேன். உள்ளே துண்டு நனைந்திருந்தது. என்னைப் பார்த்தாள்.

அன்றையிலிருந்து விளையாடுவதில்லை. பஸ் இல்லை, டிக்கெட் இல்லை. விரிப்பைத் தொங்கவிட்டால் அழுகிறாள். வீட்டுக்குள் நடக்கும்போதும் என் சட்டை நுனி அவள் கையில் இருக்கிறது. தூங்கும்போதும்.

என்னால் இனி முடியாது அக்கா. நான் தேய்க்கத் தெரிந்தவன், பிள்ளை வளர்க்கத் தெரிந்தவன் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் அவளை உன்னிடம் கொண்டுவந்து விடுகிறேன். உனக்கு இந்தக் கலை தெரியும். எந்த ஞாயிறு என்று மட்டும் எழுது.

தம்பி


ஏப்ரல் 24

அக்காவுக்கு,

நானும் அவளும் உயிரோடு இருக்கிறோம். என் கடிதம் கிடைத்ததா? உனக்கு உடம்பு சரியில்லையா? இவ்வளவு நாள் நீ பதில் போடாமல் இருந்ததில்லை.

அவளுடைய துணிகளை எடுத்துக் கட்டி வைத்திருக்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 27

மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதுவது. பட்டறைப் பென்சிலில் எழுதுகிறேன், எழுத்து தடிமனாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சௌக்கியமா, மூட்டை சௌக்கியமா? என் இருமலைப் பற்றி உங்கள் அக்கா எழுதுவதை நம்ப வேண்டாம்.

உங்கள் கடிதம் இரண்டும் வந்தன. அக்காவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. முதல் கடிதத்தை அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறாள். சமைக்க வரும்போதெல்லாம் எடுத்துப் படிக்கிறாள். பதில் எழுதுகிறாள், கிழிக்கிறாள். அடுப்படியில் காகிதம் பொறுக்குவது இப்போது என் வேலை.

நான் சொன்னது தெரிந்தால் எனக்குச் சோறு கிடைக்காது. ஆனாலும் சொல்கிறேன். பின்னறையில் நான் செய்தது அலமாரி இல்லை. ஒரு சின்னக் கட்டில். வகுப்புக்கு வேண்டும் என்று சொல்லித்தான் அளவு கொடுத்தாள். எந்த வகுப்பில் கட்டில் போட்டுப் பாடம் நடத்துகிறார்கள்? நான் கேட்கவில்லை. உங்கள் தேய்க்கிற மேசை எவ்வளவு உயரம் இருக்கும் என்று ஒரு நாள் என்னிடம் விசாரித்தாள், அதிலிருந்தே எனக்குப் புரிந்துவிட்டது. அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, மேலே மஞ்சள் பூசினோம். நிறம் கேட்டு உங்களுக்கு எழுதினாளாம், நீங்கள் பதில் போடவில்லை. அவளே மஞ்சள் என்று முடிவு பண்ணிவிட்டாள்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பதை அவள் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. நாள் முழுக்க ஊரார் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டு வருகிறாள், வீட்டில் யாரும் இல்லை. இப்போது அந்த அறை வாசலில் போய் நிற்கிறாள், கதவைச் சாத்திவிட்டு வருகிறாள்.

அவள் என்ன பதில் எழுதுவாள் என்று எனக்குத் தெரியாது. எது எழுதினாலும் அதன்படி செய்யுங்கள். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள்.

அன்புள்ள,
அத்தான்


மே 2

தம்பிக்கு,

முட்டி வலி அதிகமாகி உட்கார்ந்து எழுத முடியவில்லை, அதனால்தான் தாமதம். நீ பயப்படும்படி ஒன்றுமில்லை. மூட்டை சாப்பிடுகிறாளா?

அவளை இங்கே கொண்டுவராதே.

கோபித்துக்கொள்ளாமல் கேள். அவள் கணக்கில் ஏற்கனவே ஒரு ஆள் சொல்லாமல் போயிருக்கிறது. இங்கே விட்டுவிட்டு நீ பஸ் ஏறினால் அது இரண்டாகும். நான் அவளுக்கு நன்றாகச் செய்வேன். அவள் சாப்பிடுவாள், என் வகுப்புக்கு வருவாள், என் முந்தானையைப் பிடித்துக்கொள்வாள். அப்புறம் ஆயுசு முழுக்க யாராவது எழுந்து போனால் கதவுக்கு அடியில் விரலை நீட்டிக்கொண்டிருப்பாள். அவளுக்கு வேண்டியது அத்தை இல்லை. திரும்பி வருகிற அப்பா.

நீ செய்த தப்பு பெரிய தப்புதான். விளையாட்டுக்குள் என்ன பொய் வேண்டுமானாலும் சொல்லலாம், டிராலியை பஸ் என்று சொல்லலாம். விளையாட்டை வைத்து ஏமாற்றக் கூடாது. அவள் உன்னை நம்பியதைவிட அந்த விரிப்பை நம்பினாள். ஆனால் அந்தத் துண்டுக்குள் ஒரு மணி நேரம் எதற்காக உட்கார்ந்திருந்தாள் என்று யோசித்துப் பார். நீ தட்டுவாய் என்றுதானே. கடைசியில் தட்டினாய். அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பி.

இந்தத் தடவை நீ ஒளியாதே. அவள் போகட்டும். விளையாட்டில் அவள்தான் அப்பா, நீதான் மூட்டை. நீ அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அடம்பிடி. வெட்கப்படாமல் அழு. உன்னை விட்டுப் போவது எப்படி என்று அவள் கண்டுபிடிக்கட்டும். இத்தனை நாள் விடப்படுகிற ஆளாகவே இருந்து அலுத்துப்போயிருக்கிறாள். ஒரு தடவை விட்டுப் போகிற ஆளாக இருந்து பார்த்தால்தான் போகிறவர் வயிற்றிலும் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

முதலில் மாட்டாள். விட்டுவிடாதே. ஸ்கூல் டீச்சரிடமும் போய் நடந்ததைச் சொல். ஒளிக்காமல் சொல்.

துணிகளை அவிழ்த்து அடுக்கி வை.

அக்கா


மே 25

அக்காவுக்கு,

முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. நான் நன்றாக இருக்கிறேன், அழுது அழுது தொண்டைதான் கட்டிவிட்டது.

நீ எழுதியபடி செய்தேன். ஒரு வாரம் அவள் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள். நான் தினமும் தரையில் உட்கார்ந்து அவள் கவுன் நுனியைப் பிடித்துக்கொண்டு, "போகாதேப்பா, போகாதேப்பா" என்று அழுதேன். மடிக்கிற பெண்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மெஷின் ஓட்டுகிறவர், "இவனுக்கு முத்திடுச்சு" என்றார். விளையாட்டாகத்தான் ஆரம்பிப்பேன் அக்கா. ஒரு நாள் நிறுத்த முடியவில்லை. அவள் அம்மா போனபோது அழாததெல்லாம் அந்தத் தரையில் வந்தது.

அன்றைக்குத்தான் அவள் அசைந்தாள். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விட்டாள். என் தோளில் இருந்த துண்டை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். என் குரலிலேயே, "அப்பாவுக்கு வேலை இருக்கில்ல? மூக்கைத் துடை" என்றாள். விரிப்புக்குப் பின்னால் போனாள். உடனே வந்து தட்டினாள், நான் இருக்கிறேனா என்று பார்த்தாள். மறுபடி போனாள். இப்போது அவள் டிராலியோடு கூடத்தின் கோடி வரைக்கும் போய் வருகிறாள், நான் உட்கார்ந்து காத்திருக்கிறேன். காத்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

டீச்சரிடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று பார்த்தேன், உட்கார நாற்காலி கொடுத்தார். பழைய விரிப்பில் ஒரு சின்னத் துண்டைக் கிழித்து அவள் பையில் வைத்து அனுப்பச் சொன்னார்.

நிறம் கேட்டிருந்தாயே, பதில் எழுத மறந்துவிட்டேன். அவளைக் கேட்டேன். யோசித்தாள். மஞ்சளா என்றேன். ஆமாம் என்றாள்.

தம்பி


ஜூன் 9

அக்காவுக்கு,

எல்லாரும் நலம். இந்தத் தடவை நிஜமாகவே நலம்.

ஸ்கூல் திறந்துவிட்டது. வாசலில் பிள்ளைகள் எல்லாம் ஒரே அழுகை. நான் அவள் முன்னால் உட்கார்ந்து, "அப்பா வேலைக்குப் போறேன். மணி அடிச்சதும் இந்தக் கேட்டுக்கு வந்துடுவேன்" என்றேன். ஆனால் அவள் பையைப் பிடித்த கையை நான் எடுக்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் நாங்கள் விளையாடுகிற மாதிரியே என் விரல்களைத் தன் பையிலிருந்து பிரித்து விட்டாள். "அழாதே. நான் ஸ்கூலுக்குத்தான் போறேன். மணி அடிச்சா வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

நான் மணி அடிப்பதற்கு ரொம்ப முன்பே போய் கேட்டில் நின்றுவிட்டேன். சூப்பர்வைசர் அம்மாதான், "போய்த் தொலை, இங்கே நின்னு துணியைக் கருக்காதே" என்று துரத்தி விட்டார். மூட்டை வந்தாள். கேட்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டு வெளியே வந்தாள்.

மறுநாள் அழுதாள். அதற்கடுத்த நாளும் கொஞ்சம். ஆனால் போனாள். இப்போது ஒரு பையன் அழுதால் அவள்தான் போய்த் துண்டு விரிப்பைக் கொடுக்கிறாளாம்.

நான் சலவைக்கூடத்தில் தனியாகத் தேய்க்கிறேன். மேசைக்குக் கீழே யாரும் இல்லை. குனிந்து குனிந்து பார்க்கிறேன்.

அக்கா, நீ வேறு பதிலும் எழுதியிருக்கலாம். நான் அவளைக் கொண்டுவந்து விட்டிருப்பேன். அவ்வளவுதான் எனக்கு எழுதத் தெரிகிறது.

நான் எழுதுவதைப் பார்த்து மூட்டை என்னவென்று கேட்டாள். அத்தைக்கு என்றேன். "அத்தையை அழ வேணாம்னு சொல்லு. லீவு மணி அடிச்சா வந்துடறேன்னு சொல்லு" என்கிறாள். நீ அழுவாய் என்று நான் அவளிடம் சொல்லவில்லை.

தம்பி


ஜூன் 18

தம்பிக்கு,

முட்டி பரவாயில்லை. அத்தான் ஒத்தடம் கொடுக்கிறார், தப்பான முட்டிக்கு.

மஞ்சளா என்று நீயே எடுத்துக் கொடுத்ததாக எழுதியிருந்தாய். உனக்கு யார் எடுத்துக் கொடுத்தார்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. உன் அத்தான் ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டார்.

எங்கள் வகுப்பும் திறந்துவிட்டது. அதே அழுகை, அதே மூக்கு. புதிதாக ஒரு சின்னக் கட்டில் வந்திருக்கிறது, அத்தான் செய்தது. பிள்ளைகள் முதலில் பொம்மைகளைப் படுக்க வைத்தார்கள். அப்புறம் அது ஆஸ்பத்திரி ஆனது, அப்புறம் கப்பல். நேற்று ஒரு பெண் அதில் அப்படியே தூங்கிவிட்டாள். இறங்கு, அடுத்தவளுக்கு விடு என்று சொல்ல வேண்டும். எனக்கு மனசு வரவில்லை, போர்வையை இழுத்து விட்டேன். சாயங்காலம் அவள் அம்மா வந்து தூக்கிக்கொண்டு போனாள்.

வீட்டில் பின்னறை காலியாகத்தான் இருக்கிறது. வெளிச்சமான அறை. லீவுக்கு வரும்போது நீங்கள் இரண்டு பேரும் அதில் படுத்துக்கொள்ளலாம். கட்டில் அவளுக்குப் போதாது, அதற்குள் வளர்ந்துவிடுவாள். பாய் போடுகிறேன்.

மூட்டையிடம் சொல், அத்தை அழவில்லை. லீவு மணி எப்போது அடிக்கும் என்று மட்டும் எழுது.

அக்கா